வியாழக்கிழமைக் கிண்ணம்

2025 மே 21ஆம் திகதி பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மோதிய இரண்டுமே இங்கிலாந்துக் கழகங்கள். அந்தப் பருவ பிரீமியர் லீக் அட்டவணையில் மன்செஸ்டர் யுனைட்டட் 15ஆம் இடம், டொட்டன்ஹாம் 17ஆம் இடம். இன்னும் ஒரு படி இறங்கினால் தரமிறக்கம். ஆட்டமும் பார்க்கச் சகிக்கவில்லை. 42ஆவது நிமிடத்தில் பிரெனன் ஜோன்சனின் பெயரில் ஒரு கோல், அதுவும் தட்டுத்தடுமாறி உள்ளே போன கோல். மிச்ச நேரமெல்லாம் டொட்டன்ஹாம் தன் பெனால்டி எல்லைக்குள் குந்திக்கொண்டு இருந்தது. எங்கட நேரப்படி நள்ளிரவு 12.30க்குத் தொடங்கின ஆட்டத்தை நித்திரை முழித்துப் பார்த்தவர்களில் பாதிப்பேர், "இதுக்கெல்லாம் ஒரு கிண்ணமா?" எண்டு சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், மறைக்க என்ன இருக்கு.

ஆனால் அண்டைக்கு அழுத டொட்டன்ஹாம் ரசிகர்களின் முகங்களையும் பார்த்தோம். 2008க்குப் பிறகு அவர்களுக்கு ஒரு கிண்ணமும் இல்லை. ஐரோப்பியக் கிண்ணம் எண்டால் 1984க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அப்ப, இந்த இரண்டாம்தரக் கிண்ணங்கள் இங்கிலாந்துக் கழகங்களுக்குப் பெறுமதியானவையா, இல்லாட்டி லீக்கைக் கெடுக்கிற சுமையா? கேள்வி புதிசு இல்லை. ஆனால் இந்தச் சிரிப்பு, நாங்கள் நினைத்த அளவுக்குப் பழசும் இல்லை.

இங்கிலாந்துக் கழகங்களின் ஐரோப்பியக் கதை தொடங்கினதே இரண்டாம் வாசலால்தான். 1955இல் லீக் சம்பியனான செல்சிக்கு முதலாவது ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆட வாய்ப்பு வந்தது. லீக் நிர்வாகம் அதை விரும்பவில்லை, செல்சி விலகிவிட்டது. அதே காலத்தில் வர்த்தகக் கண்காட்சி நடத்தும் நகரங்களுக்கு எண்டு ஃபெயார்ஸ் கிண்ணம் ஆரம்பித்திருந்தது. லண்டன், பல கழக வீரர்களைச் சேர்த்து ஒரு நகர அணியை அனுப்பியது. பேர்மிங்ஹாம் சிட்டி தனிக் கழகமாகவே போனது. 1956 மே மாதம் மிலானில் இன்டருக்கு எதிராக ஆடி, ஐரோப்பியப் போட்டியொன்றில் களமிறங்கிய முதல் இங்கிலாந்துக் கழகமானது. முதல் பருவம் முடிய மூன்று வருடம் பிடித்தது. 1958இல் இரண்டு ஆட்டங்களாக நடந்த இறுதியில் லண்டன் அணி பார்சிலோனாவிடம் 8–2 எனத் தோற்றது.

1963இல் ரொட்டர்டாமில் அத்லெட்டிக்கோ மட்ரிட்டை 5–1 என்று வென்று, ஐரோப்பியக் கிண்ணமொன்றைத் தூக்கிய முதல் பிரித்தானியக் கழகமானது டொட்டன்ஹாம். அது வென்றது கிண்ண வெற்றியாளர் கிண்ணம், அதுவும் இரண்டாம்தரம்தான். அப்போது அதை யாரும் கேலி செய்யவில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்த கதை நியூகாசிலினுடையது. 1967–68இல் அவர்கள் முடித்தது 10ஆம் இடத்தில். ஃபெயார்ஸ் கிண்ணத்தில் ஒரு நகரத்துக்கு ஒரு கழகம்தான் என்று ஒரு விதி. லிவர்பூல் போனதால் 5ஆம் இடத்து எவர்ட்டனுக்கு இடமில்லை. லண்டனிலிருந்து செல்சி போனதால் டொட்டன்ஹாமுக்கும் ஆர்சனலுக்கும் இல்லை. மன்செஸ்டரின் இரண்டு கழகங்களும் ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போய்விட்டன. 8ஆம் இடத்து வெஸ்ட் புரொம்விச் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று வேறு போட்டிக்குப் போனது. இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் கதவு திறந்தது நியூகாசிலுக்கு. முதல் ஆட்டத்தில் ஃபெயனூர்ட்டை 4–0 என்று அடித்தார்கள். அதே ஃபெயனூர்ட்தான் 1970இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. இறுதியில் ஹங்கேரியின் உய்பெஸ்ட். சொந்த மைதானத்தில் 3–0. புடாபெஸ்டில் இடைவேளைக்குள் 2–0 எனப் பின்தங்கி, கடைசியில் 3–2 என வெற்றி. அணித்தலைவர் பொபி மொன்கர் ஒரு பின்கள வீரர். அந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் போட்டது மூன்று கோல்.

அதுக்குப் பிறகு நியூகாசில் இன்னொரு பெரிய கிண்ணத்தைத் தூக்கியது 2025 மார்ச்சில், லீக் கிண்ணத்தில். 56 வருடம்! இந்த இடைவெளியில் அந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பன்மார் சொல்ல ஒரு கதை இருந்தது எண்டால், அது 10ஆம் இடத்தால் கிடைத்த அந்த இரண்டாம்தரக் கிண்ணத்தின் கதைதான்.

அந்தக் காலத்து இரண்டாம்தரம் உண்மையில் இரண்டாம்தரமும் இல்லை. ஐரோப்பியக் கிண்ணத்துக்கு ஒவ்வொரு நாட்டின் சம்பியனும் நடப்பு வெற்றியாளரும்தான் போகலாம். இங்கிலாந்து, இத்தாலி, மேற்கு ஜேர்மனி, ஸ்பெயின் லீக்குகளில் அடுத்தடுத்த இடங்களில் வந்த பலமான அணிகள் எல்லாம் 1971இல் ஃபெயார்ஸ் கிண்ணத்தின் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஏ கிண்ணத்தில்தான். வெல்ல அதுதான் கஷ்டம் என்று வாதிட்டவர்களும் உண்டு. லிவர்பூல் 1973இலும் 1976இலும் அதை வென்ற பிறகே 1977இலும் 1978இலும் பெரிய கிண்ணத்தை எடுத்தது.

இப்ப மறுபக்கம். 1980–81இல் பொபி ரொப்சனின் இப்ஸ்விச் யுஇஎஃப்ஏ கிண்ணத்தை வென்றது. ஜோன் வார்க் அந்தத் தொடரில் மட்டும் 14 கோல்கள். ஆனால் 60க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிக் களைத்துப்போய், லீக்கை அஸ்டன் விலாவிடம் பறிகொடுத்து இரண்டாமிடத்தில் முடித்தார்கள். விலாவுக்கு அந்த வருடம் ஐரோப்பிய ஆட்டமே இல்லை. முழு லீக்கையும் 14 வீரர்களோடு ஆடி முடித்தார்கள். 2016இல் லெஸ்டரும் 2017இல் செல்சியும் சம்பியனான பருவங்களில் அவர்களுக்கும் ஐரோப்பா இல்லை. ஆக, களைப்பு எண்டது வெறும் சாட்டு அல்ல. வியாழன் இரவு எங்கோ ஒரு தூரத்து நாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு லீக் ஆட்டத்துக்கு வரும் சின்ன அணியின் கால்கள் கனக்கத்தான் செய்யும்.

ஆனால் இப்ஸ்விச் எந்தப் போட்டியையும் வேண்டாம் எண்டு விடவில்லை. வேண்டாம் எண்டு விடுகிற பழக்கம் 90களில் வந்தது. 1995 கோடைகால இன்டர்டோட்டோ போட்டிக்கு டொட்டன்ஹாம் ஒரு பெயருக்கான அணியை அனுப்பி, ஜேர்மனியின் கொலோனிடம் 8–0 எனத் தோற்றது. 1997இலிருந்து சம்பியன்ஸ் லீக்கில் சம்பியன் அல்லாதவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 1999க்குள் பெரிய லீக்குகளின் முதல் மூன்று அல்லது நான்கு இடங்களும் அங்கே போய்விட்டன. அதே வருடம் கிண்ண வெற்றியாளர் கிண்ணம் மூடப்பட்டது. பலமானவர்களை மேலே எடுத்துவிட்டு, கீழே இருப்பதைப் பார்த்து 'தரமில்லை' எண்டு சொன்னால் எப்படி? இன்னொரு பக்கம் பிரீமியர் லீக்கின் தொலைக்காட்சிப் பணம். அட்டவணையில் ஒரு இடம் ஏறினாலே சில மில்லியன் பவுண் கூடும். முகாமையாளர்கள் கல்லாப்பெட்டிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கணக்குக்குச் சரியான உதாரணம் 2009 பெப்ரவரியின் விலா. லீக்கில் மூன்றாம் இடம். யுஇஎஃப்ஏ கிண்ணத்தில் சி.எஸ்.கே.ஏ. மொஸ்கோவுடன் முதல் ஆட்டம் 1–1. மார்ட்டின் ஓநீல் முக்கிய வீரர்கள் பலரை வீட்டில் விட்டுவிட்டு மொஸ்கோ போனார். 2–0 தோல்வி. சம்பியன்ஸ் லீக் இடத்தைப் பிடிக்கத்தான் இந்தத் தியாகம். மூன்று நாள் கழித்து, ஓய்வெடுத்த அதே வீரர்கள் ஸ்டோக்குக்கு எதிராக 2–0 என்று முன்னிலை பெற்று, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விட்டு 2–2. பருவ முடிவில் ஆறாம் இடம். ஆறாம் இடத்துக்குப் பரிசு? புதுப் பெயரில் வந்த யூரோப்பா லீக்! அங்கேயும் ஓகஸ்டிலேயே ரப்பிட் வியன்னாவிடம் வெளியேறினார்கள்.

அதே போட்டியில் ஃபுல்ஹாம் என்ன செய்தது? 2009 ஜூலையில் லிதுவேனியாவில் தொடங்கி 19 ஆட்டங்கள். யுவென்டஸிடம் 3–1 எனத் தோற்று, திரும்ப லண்டனில் முதல் கோலையும் விட்டு, பிறகு 4–1 என வென்றார்கள். ஹம்பேர்க் இறுதியில் மேலதிக நேரத்தின் 116ஆவது நிமிடத்தில் ஃபோர்லானின் கோலால் தோல்வி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. எண்டாலும் ஃபுல்ஹாம் ரசிகர் ஒருவரிடம் அந்த வருடம் லீக்கில் எத்தனையாம் இடம் எண்டு கேட்டுப் பாருங்கோ, யோசித்துத்தான் சொல்லுவார். யுவென்டஸ் ஆட்டத்தைக் கேட்டால் நிமிடம் நிமிடமாகச் சொல்லுவார். வெஸ்ட்ஹாமும் அப்படித்தான். 2023இல் லீக்கில் 14ஆம் இடம், ஆனால் பிராக்கில் ஜரட் போவனின் 90ஆவது நிமிடக் கோலால் கொன்பரன்ஸ் லீக். 43 வருடத்தில் அவர்களின் முதல் பெரிய கிண்ணம் அது.

2015இலிருந்து யூரோப்பா லீக் வெற்றியாளருக்கு அடுத்த வருட சம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைக்கிறது. பெரிய கழகங்கள் திரும்பவும் இந்தப் போட்டியை மதிக்க அது ஒரு காரணம். எங்களுக்கு இதில் பாதிச் சந்தோஷம்தான். கிண்ணத்தை நுழைவுச்சீட்டாக மாற்றித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

பில்பாவோவில் வென்று 16 நாட்களில் டொட்டன்ஹாம் நிர்வாகம் முகாமையாளர் அஞ்ச் பொஸ்டகொக்லூவை நீக்கியது. லீக்கில் 22 தோல்விகள், அதுதான் கணக்கு. செப்டம்பரில் கழகம் அவர் வாங்கிக் கொடுத்த சம்பியன்ஸ் லீக் இடத்தில் ஆடத் தொடங்கியது, அவர் இல்லாமல்.