மூடி மாறிய கெண்டி

மூக்குடைய சிறு கலத்தைக் கெண்டி என்பது நம் வழக்கு. சீன நாட்டுத் தேநீர்க் கெண்டிகளைத் திரட்டுவோரின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த நாம், முதலில் வியந்தது அவற்றின் எளிமையைக் கண்டே. ஜியாங்சு மாநிலத்து யீசிங் ஊரின் ஊதாமண்ணால் இயன்றவை அவை. பளபளக்கும் மேற்பூச்சு கிடையாது. சக்கரத்தில் வனைவதுமில்லை, மண்ணைத் தகடாகத் தட்டி, வளைத்து ஒட்டுவர்.

இக்கலைக்கு முதல்வன் என மரபு போற்றுபவன் கோங் சுன். பதினாறாம் நூற்றாண்டில் ஓர் அறிஞரிடம் ஏவலாளாக இருந்தவன்; கோயில் துறவி ஒருவரிடம் தொழிலைக் கற்றான் என்பர். 1533இல் நான்ஜிங்கில் அடக்கம் செய்யப்பெற்ற அரண்மனை அலுவலர் ஒருவரின் கல்லறையில் யீசிங் கெண்டி ஒன்று கிடைத்துள்ளது. ஆதலின் காலக்கணக்கு பொய்யன்று. ஆனால் அவன் கைபட்ட கெண்டி எது?

1920களில் சூ நான்சியாங் என்னும் யீசிங் பெரியவர், சூசோ நகரில் பழங்கெண்டி ஒன்றை வாங்கினார். கோங் சுன் பெயர் அதிற் பொறிக்கப்பெற்றிருந்தது. அதற்குப் பூசணிக் காம்பு வடிவில் மூடி செய்திருந்தவர் ஹுவாங் யூலின் என்னும் கைவினைஞர். ஓவியர் ஹுவாங் பின்ஹோங் அதனைக் கண்டு, உடல் மரத்தின் முண்டு போன்றிருக்க, மூடி பூசணியாக இருப்பது பொருந்தாது என்றார். பெய் ஷிமின் புது மூடி செய்தார். ஆங்கிலேயர் ஒருவர் இருபதினாயிரம் பொன் தர முன்வந்தும் கெண்டி கைம்மாறவில்லை என்னும் செய்தியும் அம்மூடியிலேயே பொறிக்கப்பெற்றுள்ளது. பிற்காலத்தில் சூ அதனை நாட்டுக்கே அளித்தார். இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதிலும் ஒரு சிக்கல். மூடியைப் பிழைபடச் செய்த ஹுவாங் யூலினே கெண்டி முழுவதையும் செய்திருக்கலாம் என ஐயுறுவோர் உளர். அவ்வாறாயின் அந்தப் பொன்னுக்கு விலை பெயரா, மண்ணா? நமக்கு அக்கெண்டி அழகாகவே தோன்றுகிறது. ஆயினும் திரட்டுவோர்க்கு அது போதாது.

முத்திரையைக் கொண்டும் முடிவு செய்யவியலாது. 1930களில் ஷாங்காய் வணிகர் ஒருவர்க்காகப் பழங்கெண்டிகளைப் போன்றே கெண்டிகள் செய்து தந்தார், இளைஞர் கூ சிங்சோ. பல்லாண்டுகளுக்குப் பின்னர், அருங்காட்சியகத்தில் பழம்பொருளாக வீற்றிருந்த கெண்டியொன்றைத் தம் கைவேலை என அவரே இனங்கண்டார் என்பர். அதற்குள் அவர் தலைசிறந்த கைவினைஞராக விளங்கினார். 1996இல் அவர் மறைந்தார். இன்றோ சந்தையில் அவர் பெயர் பொறித்த போலிகளே மலிந்து கிடக்கின்றன.