யோர்க் வீதியின் செங்கல் மாளிகை

கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதி வழியாக நடப்போர் கார்கில்ஸ் கட்டடத்தைக் கவனிக்காமல் போக முடியாது. சிவப்புச் செங்கல்லும் வெள்ளைச் சாந்து வேலைப்பாடுமாக ஒரு மூலை முழுவதையும் அது அடைத்து நிற்கிறது.

அந்த நிலம் கட்டடத்தைவிட மூத்தது. முன்னர் அங்கிருந்தது ஸ்லுய்ஸ்கென் என்ற ஒல்லாந்த அதிகாரியின் வீடு. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த்தும் அதிலே வசித்தார். 1684 என்று பொறித்த பழைய அடிக்கல்லையும் மினர்வா தேவதையின் மரச்சிலையையும் புதிய கட்டடத்துள் பேணி வைத்தார்கள். வீட்டை இடித்தவர்களுக்கு இவ்வளவாவது தோன்றியதே!

1844இல் வில்லியம் மில்ன் தொடங்கிய வியாபாரம் அது. டேவிட் சைம் கார்கில் பின்னர் வந்து சேர்ந்தார். 1896இல் நிலம் வாங்கி, 1902இல் அடிக்கல் நாட்டி, 1906இல் முடித்தார்கள். வரைந்தவர் எட்வர்ட் ஸ்கின்னர். மருதானைப் பக்கத்து விக்டோரியா கண் வைத்தியசாலையும் அவருடையதே. அங்கே கும்மட்டமும் கீழைத்தேய வளைவுகளும். இங்கே இலண்டன் கடைத்தெருவின் சாயல். நோயாளிக்குக் கிழக்கு, வாடிக்கையாளருக்கு மேற்கு என்று நினைத்தார்களோ என்னவோ!

என் பார்வையில் இதன் சிறப்பு உச்சி அலங்காரம் அல்ல, கீழேயுள்ள வளைவு நடைபாதைதான். கடை தன் நிலத்தில் ஒரு பகுதியைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. வெயிலிலும் மழையிலும் எவரும் ஒதுங்கலாம். உள்ளே வெள்ளைக்காரத் துரைமார் சாமான் வாங்கிய காலத்திலும் வெளியே நாட்டாமைக்கும் நிழல் கிடைத்தது. கண்ணாடிப் பேழைகளைப் பார்க்கப் பணம் தேவையில்லை. கப்பல் பயணிகளை நம்பியிருந்த வீதி அது. துறைமுக முனையில், கிராண்ட் ஒரியன்டல் ஹோட்டலில், நம்மவரான மாக்கான் மாக்காரின் இரத்தினக் கடையும் அதே பயணிகளுக்காகவே திறந்திருந்தது.

1946இல் சேர் சிற்றம்பலம் காடினர் கம்பனியைப் பொறுப்பேற்றார். ஆனால் கட்டடத்தின் வாழ்வைத் திருப்பியது கைமாற்றம் அல்ல. 1996 ஜனவரி 31இல் அருகிலிருந்த மத்திய வங்கி தாக்கப்பட்டது. 91 பேர் மாண்டனர், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பின்னர் கோட்டையெங்கும் தடுப்புகள், சோதனைச் சாவடிகள். சாமான் வாங்கவென்று அப்பக்கம் போக யாருக்கு மனம் வரும்? வாடிக்கையாளர்கள் வேறு நகரப் பகுதிகளுக்குப் பழகிவிட்டார்கள்.

2009இல் யுத்தம் முடிந்து, தடுப்புகள் படிப்படியாக அகன்றன. அதன்பின் கோட்டையின் பழைய கட்டடங்களைத் துலக்குவதில் ஆர்வம் பிறந்தது, நல்லதே. பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. அங்கே குடிநீர்ப் போத்தலின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். கார்கில்ஸ் கட்டடத்துக்குச் சாயம் பூசுவோர், அந்த நடைபாதையில் பஸ்ஸுக்குப் போகிறவனும் நிற்கலாம் என்பதை மாற்றாதிருக்க வேண்டும்.