கணக்கு மாத்திரை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்று அன்று அழைக்கப்பட்ட, குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை ஒன்று உண்டு. மூளைக்காய்ச்சலில் முடங்கிய மகளின் பெயரில் ஒரு செல்வந்தர் விட்டுச்சென்ற கொடை. அங்கே மருத்துவராக இருந்த சார்லஸ் பிராட்லி 1937இல் தேடிக்கொண்டிருந்தது வெறும் தலைவலி மருந்து.

மூளையைப் படமெடுக்க அன்றிருந்த வழி கொடுமையானது. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே பிடிப்பார்கள். பிறகு தலைவலி பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்தும். பென்செட்ரின் என்ற கிளர்ச்சி மருந்தைக் கொடுத்தால் அந்த நீர் சீக்கிரம் ஊறும் என்று பிராட்லி நினைத்தார். தலைவலி அப்படியொன்றும் தீரவில்லை. ஆனால் இல்லத்துப் பள்ளி ஆசிரியர்கள் வேறொரு சேதி கொண்டுவந்தார்கள்: சில பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் மனம் வைக்கிறார்கள். 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். 14 பேர் படிப்பில் கண்கூடாகத் தேறினார்கள். பிள்ளைகள் அதைக் ‘கணக்கு மாத்திரை’ என்றே அழைத்தார்கள். தூண்டிவிடும் மருந்து துறுதுறுப்பை அடக்குவது எப்படி? பிராட்லிக்கே அது புதிர்தான்.

இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் கால் நூற்றாண்டுக் காலம் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. பிள்ளையின் கோளாறுக்குத் தாயின் வளர்ப்பில் காரணம் தேடிய காலம் அது.

இதற்கிடையே, பென்செட்ரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் சுவிட்சர்லாந்தில் பிறந்திருந்தான். பாசல் நகரின் சீபா நிறுவனத்தில் 1944இல் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கிய மீதைல்ஃபெனிடேட். அவர் மனைவி ரீட்டா டென்னிஸ் ஆடப்போகும் முன் அதைச் சாப்பிடுவாராம். மருந்துக்கும் ரிட்டாலின் என்று அவர் பெயரே வந்தது. 1954இல் கடைக்கு வந்தபோது பெரியவர்களின் சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும்தான் விற்றார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதித்தது 1961இல்.

அதற்குள் குழந்தை மனநல மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். 1953இல் தொடங்கிய அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவக் கழகம் 1962 முதல் தனி ஆய்விதழும் நடத்தியது; பதின்பருவத்தினரைப் பெயரில் சேர்த்துக்கொண்டது 1980களில்தான். மருந்துக்கு வயது கூடிய பிறகுதான் அதைக் கையாளும் துறைக்கு முகவரி வந்தது என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

1970இல் மாத்திரை சந்தி சிரித்தது. ஒமாஹா நகரப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அடங்கி இருக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் எழுத, அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. மறு ஆண்டே ஐ.நா. ஒப்பந்தம் அதைக் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

பயன் எவ்வளவு என்று நிதானமாக அளந்த பெரிய ஆய்வு 1999இல் வந்தது. 579 பிள்ளைகள், 14 மாதங்கள். கவனச்சிதறலையும் துறுதுறுப்பையும் குறைப்பதில், நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, கவனமாக அளவு பார்த்து மருந்து பெற்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். மாத்திரையின் ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் அதே பிள்ளைகளைப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசம் இல்லை. 2007இல் இந்த முடிவை வெளியிட்டது கழகத்தின் ஆய்விதழேதான். அதற்காகவே அவர்களை மெச்சலாம்.

சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளும் உண்டு. பசி மந்தமாகலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் நாட்டிலும் இது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மாத்திரையைத் தேர்வு நேரத்தில் உங்கள் பிள்ளைக்குக் கடன் வாங்காதீர்கள்.