செவியும் கண்ணும்: எதிர்வினை நேர ஆய்வின் வரலாறும் மொழியியலும்

1. முன்னுரை

சொல்லறிதல், வாசிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றைச் சோதனை முறையில் ஆராயும் உளமொழியியலார் பெரிதும் நம்பியிருக்கும் அளவுகோல்களுள் ஒன்று எதிர்வினை நேரம். ஒரு தூண்டல் தோன்றும் கணத்திற்கும் அதற்கான துலங்கல் தொடங்கும் கணத்திற்கும் இடைப்பட்ட காலமே எதிர்வினை நேரம் எனப்படும். இது மில்லி வினாடியில், அதாவது வினாடியை ஆயிரம் கூறாக்கிய அளவில், கணக்கிடப்படுகிறது. ஒரு சொல் மற்றொரு சொல்லைவிட 30 மில்லி வினாடி தாமதமாக இனங்காணப்பட்டது என்பதைக் கொண்டு மனத்திலுள்ள சொற்களஞ்சியத்தின் அமைப்பைப் பற்றி முடிவுகள் கூறப்படுகின்றன. ஆயின், தூண்டல் செவிவழி வந்ததா, கண்வழி வந்ததா என்பது மட்டுமே அதைவிடப் பெரிய வேறுபாட்டைத் தோற்றுவிக்கக்கூடும். புலன்களுக்கிடையிலான இவ்வேறுபாடு எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதையும், மொழியாய்வுக்கு அது விடுக்கும் எச்சரிக்கை யாது என்பதையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

2. வானாய்வகத்தில் எழுந்த சிக்கல்

இவ்வாய்வின் தொடக்கம் உளவியலில் இல்லை, வானியலில் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் விண்மீன்களின் இயக்கத்தை அளக்கக் 'கண்–செவி முறை' கையாளப்பட்டது. நோக்குபவர் கடிகாரத்தின் வினாடி ஒலியைச் செவியால் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கியில் உள்ள மெல்லிய கம்பியை விண்மீன் கடக்கும் கணத்தைக் கண்ணால் காண வேண்டும். கடப்பதற்கு முந்திய ஒலியின்போதும் பிந்திய ஒலியின்போதும் விண்மீன் எங்கிருந்தது என்பதை நினைவிற்கொண்டு, கடந்த நேரத்தை வினாடியின் பத்திலொரு பங்கு வரை அவர் மதிப்பிட வேண்டும்.

அரசு வானியலாளரான நெவில் மாஸ்கெலின், தம் உதவியாளர் டேவிட் கின்னபுரூக்கின் பதிவுகள் 1795 ஆகஸ்டு முதல் தம் பதிவுகளைவிட ஏறத்தாழ அரை வினாடி பிந்துவதைக் கண்டார். உதவியாளருக்கு இது சுட்டிக்காட்டப்பட்டது. எனினும் 1796 சனவரியில் வேறுபாடு வினாடியில் பத்தில் எட்டுப் பங்காக உயர்ந்தது. புவி ஒரு வினாடியில் 15 வில்வினாடி சுழல்வதால், வானியல் கணக்கில் இது புறக்கணிக்கத்தக்க பிழையன்று. கின்னபுரூக் ஒழுங்கற்ற தம் சொந்த முறையைப் பின்பற்றுவதாக மாஸ்கெலின் கருதினார். உதவியாளர் பணியை இழந்தார். தாம் உதவியாளரிலிருந்து வேறுபடுகிறோம் என்பதும் அதே அளவுக்கு உண்மை என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை.

கின்னபுரூக் 1802-இல் இறந்தார். 1816-இல் லிண்டனோ என்பவர் எழுதிய கிரீன்விச் வானாய்வக வரலாற்றின் வாயிலாக இந்நிகழ்ச்சி கோனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெசலின் கவனத்திற்கு வந்தது. பிழை ஒருவருடையதாக மட்டும் இருக்குமா என ஐயுற்ற பெசல், தேர்ந்த வானியலாளர்களோடு தம்மையே ஒப்பிட்டுச் சோதித்தார். வால்பெக்கிற்கும் அவருக்கும் இடையே 1.041 வினாடி வேறுபாடும், ஆர்கெலாண்டருக்கும் அவருக்கும் இடையே 1.223 வினாடி வேறுபாடும் காணப்பட்டன. கவனக்குறைவு என்று எவரையும் குறைகூற இயலாத நிலையில், ஆளுக்கு ஆள் நிலையான வேறுபாடு உண்டு என்பது உறுதியாயிற்று. இது 'ஆள்சார் சமன்பாடு' என வழங்கலாயிற்று.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு வினாடிக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு எளிய எதிர்வினை நேரத்தால் மட்டும் விளைந்ததாக இருக்க இயலாது. ஒரு புலன் தரும் செய்தியை மற்றொரு புலன் தரும் செய்தியோடு பொருத்திப் பார்க்கும் செயலிலேயே பெரும்பகுதி வேறுபாடு தோன்றியது எனக் கருதலாம்.

3. புலன்வாரியான அளவீடு

நரம்பின் வழிச் செய்தி செல்லும் விரைவு அளக்க இயலாதது என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உடலியலார் எண்ணினர். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அவ்விரைவை அளந்து, அது வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டரே எனக் காட்டினார். உணர்தலுக்கும் காலம் தேவை என்பது இதனால் நிலைபெற்றது.

1860-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் நூஷத்தேல் வானாய்வகத் தலைவர் அடால்ஃப் ஹிர்ஷ், கடிகாரப் பொறியாளர் ஹிப் அமைத்த, வினாடியின் ஆயிரத்திலொரு பங்கைக் காட்டும் காலமானியைக் கொண்டு மூன்று புலன்களையும் தனித்தனியே அளந்தார். ஒலிக்கு 0.149 வினாடியும், கையில் படும் தொடுதலுக்கு 0.182 வினாடியும், ஒளிக்கு 0.200 வினாடியும் கிடைத்தன. இதனை அவர் 'உடலியற்காலம்' என்றார். 'எதிர்வினை நேரம்' என்னும் தொடரை 1873-இல் வழங்கியவர் எக்ஸ்னர் ஆவார். பின்வந்தோரின் எண்கள் கருவிக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறினும், ஒளியைவிட ஒலிக்கு விரைவில் துலங்குகிறோம் என்னும் முடிவு மாறவில்லை.

ஒலி ஒளியைவிட மிக மெதுவாகச் செல்வது. அவ்வாறிருக்கச் செவி முந்துவது எங்ஙனம்? ஆய்வுக்கூடத்தின் குறுகிய தொலைவில் ஒலி வந்துசேரும் காலம் சில மில்லி வினாடியே. அதன்பின் செவியிலுள்ள மயிரணுக்கள் இயந்திர அசைவை உடனே நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. விழித்திரையிலோ ஒளி முதலில் தொடர்ச்சியான வேதிமாற்றங்களைத் தூண்ட வேண்டும். ஆகவே ஒலிச்செய்தி மூளையை 8 முதல் 10 மில்லி வினாடியில் அடைய, ஒளிச்செய்திக்கு 20 முதல் 40 மில்லி வினாடி ஆகிறது. தொடுதலைப் பொறுத்தவரை, தொடப்படும் இடம் மூளையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் கணக்கில் சேரும்.

புலன் ஒன்றே காரணமன்று. தூண்டலின் வலிமை குறையக் குறைய எதிர்வினை நேரம் கூடுகிறது. இவ்வுறவைப் பியரோன் 1914-இல் வாய்பாடாக்கினார். நோக்குபவரின் கவனம் தூண்டலின்மீது இருந்தால், தம் விரலசைவின்மீது இருக்கும்போது ஆவதைவிட ஏறத்தாழ வினாடியில் பத்திலொரு பங்கு கூடுதலாகும் என 1888-இல் லுட்விக் லாங்கே அறிவித்தார். எனவே மங்கிய ஒலியையும் பளிச்சிடும் ஒளியையும் ஒப்பிட்டு 'செவி', 'கண்' என்று முடிவு கூறுதல் பொருந்தாது.

4. மொழி சோதனைக்குள் வந்தமை

மொழியியலார் தம் முன்னோராகக் கொள்ளத்தக்கவர் யூட்ரெக்ட் நகரத்து உடலியலாளர் டாண்டர்ஸ். 1868-இல் வெளியிட்ட ஆய்வில் அவர் அசைகளையே தூண்டலாகக் கொண்டார். ஒருவர் அசையை உச்சரிக்க, மற்றொருவர் அதைத் திரும்பக் கூறினார். இரு குரல்களும் ஒலிவரைவியில் பதிவாயின. 'கி' மட்டுமே வரும் என்று அறிந்த நிலையில் 201 மில்லி வினாடி ஆயிற்று. பல அசைகள் வர, 'கி' வந்தால் மட்டும் கூற வேண்டிய நிலையில் 237 ஆயிற்று. எது வந்தாலும் அதையே கூற வேண்டிய நிலையில் 284 ஆயிற்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வேறுபடுத்தி அறிய 36, துலங்கலைத் தெரிந்தெடுக்க 47 எனக் கணக்கிட்டார். ஒரு படி கூடினால் ஏனைய படிகள் மாறாமலிருக்கும் என்னும் இவ்வெடுகோள் பின்னர்க் கடுமையாக மறுக்கப்பட்டது. எனினும், மன நிகழ்வைக் காலத்தால் பகுக்கலாம் என்னும் அடிப்படைக் கருத்து நிலைத்தது.

வுண்ட் 1879-இல் லைப்சிக்கில் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் பயின்ற அமெரிக்கர் கேட்டல், வாசிப்பை ஆராய்ந்தார். 1886-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, நிறத்தைக் கண்டு அதன் பெயரைக் கூறுவதைவிட அப்பெயரின் எழுத்து வடிவை வாசிப்பது மிக விரைவானது. இரண்டும் கண்வழி வந்த தூண்டல்களே. வேறுபாடு புலனில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. மேலும், தாம் இயன்றவரை விரைந்து வாசித்தபோது ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் 138, பிரெஞ்சில் 167, செருமனில் 250, இத்தாலியத்தில் 327, இலத்தீனில் 434, கிரேக்கத்தில் 484 மில்லி வினாடி ஆனதாகப் பதிவு செய்தார். அயல்மொழியை மெதுவாக வாசிப்பதை வாசிப்பவர் தாமே உணர்வதில்லை என்றும், அயல்நாட்டார் விரைந்து பேசுவதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்றும் அவர் கருதினார். மொழிபெயர்ப்பாளர் எண்ணிப்பார்க்கத்தக்க கருத்து இது.

5. சொல் எப்போது தோன்றுகிறது?

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மொழியாய்வுக்குரிய வினா ஒன்று எழுகிறது. மணியோசையும் மின்பொறியும் தொடங்கும் கணம் திட்டமானது. எழுதப்பட்ட சொல் திரையில் முழுமையாக ஒரே கணத்தில் தோன்றுகிறது. பேசப்பட்ட சொல்லோ காலத்தில் விரிவது. அதற்கு ஏறத்தாழ அரை வினாடி ஆகலாம். அவ்வாறாயின் எதிர்வினை நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? சொல்லின் தொடக்கத்திலிருந்தா, முடிவிலிருந்தா, அன்றி ஏனைய சொற்களிலிருந்து அது பிரியும் இடத்திலிருந்தா? எளிய தூண்டலில் செவிக்குக் கிடைத்த முதன்மை, சொல்லில் எளிதாகத் தலைகீழாகிவிடும்.

கேட்போர் சொல் முடியும்வரை காத்திருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. கேட்கும் பேச்சை உடனுக்குடன் திரும்பக் கூறுவோரைச் சோதித்த மார்ஸ்லன்-வில்சன், அவர்களுள் சிலர் ஏறத்தாழ 250 மில்லி வினாடி இடைவெளியிலேயே, அதுவும் பொருளுணர்ந்தே, கூறியதை 1973-இல் காட்டினார். ஆயின் சொல்லின் எப்பகுதியில் எச்செய்தி உள்ளது என்பது மொழிக்கு மொழி மாறும். தமிழில் 'படிக்கிறான்', 'படிக்கிறாள்' என்பன இறுதி மெய்வரை ஒன்றே. 'வரவில்லை' என்பதன் எதிர்மறை பிற்பகுதியிலேயே வெளிப்படுகிறது. வாசகருக்கு இச்செய்தி ஒரே பார்வையில் கிட்ட, கேட்போருக்கு அதன் கணம் வரும்வரை கிட்டாது. ஆகவே தமிழ் வினைமுற்றுக்களை இரு புலன்வழியும் சோதித்து, கிடைத்த எண்களை நேரடியாக ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். விகுதி ஒலிக்கத் தொடங்கும் கணத்தைத் தனியே குறித்து, அதனடிப்படையில் அளப்பதே முறையாகும். உடன்மொழிபெயர்ப்பாளரின் தாமதத்தை மதிப்பிடுவோர்க்கும் இது பொருந்தும். தமிழ் வாக்கியத்தில் வினைக்காகக் காத்திருக்கும் காலம் அவரது மந்தமன்று. மொழியின் அமைப்பு விதித்த காலம்.

6. முடிவுரை

புலனின் உடலியல், தூண்டலின் வலிமை, கவனம், பழக்கம், சொல்லின் அமைப்பு ஆகிய அனைத்தும் எதிர்வினை நேரம் என்னும் ஒரே எண்ணுள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் அவ்வெண்ணை ஒருவரின் மொழித்திறனுக்குச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. இரண்டாம் மொழியில் படிக்கும் மாணவர் சற்றுப் பிந்தி விடையளித்தால், அப்பிந்துதல் அறியாமையாகவும் இருக்கலாம். பழக்கக் குறைவாகவும் இருக்கலாம். வினா எழுத்தில் வராமல் ஒலியில் வந்ததாலும் இருக்கலாம். கிரீன்விச்சில் அளவைக் கண்டவர் அதன் காரணத்தைத் தேடவில்லை. அக்காரணத்தைத் தேடும் எண்ணம் பெசலுக்குத் தோன்றியபோது, கின்னபுரூக் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.