புளியமரத்துப் பேயும் பீட்சா டெலிவரியும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)

இன்னிக்கு ஒரு பேய்ப்படத்தோட கதை. படம் 'பீட்சா'. 2012 அக்டோபர் 19-ல வந்தது. முதல்லயே சொல்லிடறேன், கிளைமாக்ஸைத் தொடாம இந்தப் படத்தைப் பத்திப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

எனக்கு ஊர் திருவேங்கடம். சங்கரன்கோவில் பக்கம், கரிசல் பூமி. எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு புளியமரம் உண்டு. "பொழுது சாஞ்ச பெறவு அங்கன போவாதிய மருமவனே, வெள்ளச் சேலக்காரி நிக்கா"ன்னு மாமா சொல்வார். அவள் யார், ஏன் செத்தாள், எந்தக் கிளையில் உட்கார்ந்திருப்பாள் என்பது வரைக்கும் சொல்வார்.

'பீட்சா' பார்க்க மூணு பேரா சங்கரன்கோவில் போனோம். கடைசி பஸ்ல திரும்பி வந்து இறங்கினதும், யாரும் யாரையும் கேட்காமலே புளியமரப் பாதையை விட்டுட்டுச் சுத்துவழியில நடந்தோம். இத்தனைக்கும் அந்தப் பேய்க்கதை பொய்னு படமே சொல்லி முடிச்சிருச்சு. அப்புறம் எதுக்குப் பயந்தோம்? இந்தக் கேள்வி இத்தனை வருஷமா என்னை விடலை.

கொஞ்சம் பின்னாடி போவோம். தமிழில் பேய்ப்படத்துக்குப் பஞ்சமே இல்லை. 1985-ல் 'யார்', 1987-ல் 'மை டியர் லிசா', 1990-ல் '13-ஆம் நம்பர் வீடு'. அதுக்கப்புறம் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) என்று ராகவா லாரன்ஸ் பேயையும் காமெடியையும் ஒண்ணாச் சேர்த்தார். பேய்ப்படம் குடும்பத்தோட சிரிச்சுப் பார்க்கிற படமாச்சு.

அந்த நேரத்துலதான் கார்த்திக் சுப்பராஜ் வர்றார். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர். அவர் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அதுக்குத் தேவையான பணம் போட ஆள் கிடைக்கலை. சின்ன பட்ஜெட்டில் முடியற மாதிரி ஒரு கதை எழுதினார், அதுதான் 'பீட்சா'. தயாரிப்பாளர் சி.வி.குமார். அதே ஆண்டு 'அட்டகத்தி', அடுத்த ஆண்டு 'சூது கவ்வும்' தயாரித்தவர். செலவு ஒன்றரைக் கோடி ரூபாய் அளவுதான்.

காசு இல்லாததுதான் படத்தோட பலம்னு நான் நினைக்கிறேன். படத்தின் நடுவில் நெடுநேரம் இருப்பது ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட், ஒரு ஆள். டார்ச் வெளிச்சம் விழுகிற இடம் மட்டும்தான் நமக்குத் தெரியும், மிச்சத்தைச் சந்தோஷ் நாராயணனின் சத்தம் பார்த்துக்கொள்ளும். அந்த ஆள் விஜய் சேதுபதி. அன்றைக்கு அவர் பெரிய ஸ்டார் இல்லை. பெரிய ஹீரோ பங்களாவில் மாட்டினால் நமக்குப் பயம் வராது, எப்படியும் வெளியே வந்துவிடுவார். மைக்கேல் என்கிற டெலிவரி பையனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இது உலகம் முழுக்க நடந்த கதைதான். 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தபோது கையில் இருந்தது சுமார் 1,14,000 டாலர். பெரும்பாலான கதை ஒரே பண்ணை வீட்டுக்குள் நடக்கும். சாம் ரெய்மியின் 'ஈவில் டெட்' (1981) காட்டுக்குள் ஒரு மரவீடு. கையில காசு இல்லாதவன் ஒரு வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறான். நாமளும் உள்ள மாட்டிக்கிறோம்.

ஆனா 'பீட்சா' இன்னும் ஒரு படி மேல போகுது. மைக்கேல் சொன்ன பங்களா கதை மொத்தமும் கட்டுக்கதை. தெரியாமல் கைக்கு வந்த முதலாளியின் வைரங்களை அமுக்கவேண்டும், அதற்கு அவர் நம்புகிற மாதிரி ஒரு காரணம் வேண்டும். முதலாளி வீட்டில் ஏற்கெனவே பேய்பயம். அதனால் பேய். இரண்டாவது தடவை பார்க்கும்போது நாம் பேயைப் பார்ப்பதில்லை, பொய் சொல்கிறவன் முகத்தைப் பார்க்கிறோம். கடைசியில் அவன் இன்னொரு வீட்டுக்கு டெலிவரிக்குப் போகிறான். சொன்ன பொய் அங்கே நிஜமாக ஆரம்பிக்கிறது. படம் அங்கேயே முடிகிறது. கன்னடத்திலும் இந்தியிலும் ரீமேக் ஆனது, அதே பெயரில் அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. ஆனா ஜனங்க திரும்பத் திரும்பப் பார்க்கிறது இந்த முதல் படத்தைத்தான். காரணம், அந்தப் பொய்.

சில வருஷம் கழிச்சு மாமாகிட்ட கேட்டேன், அந்த வெள்ளச் சேலக்காரி யாருன்னு. சிரிச்சார். அப்புறம் சொன்னார்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல மருமவனே. மரத்துக்குப் பின்னால கைப்பிடிச்சுவர் இல்லாத கெணறு. நீ பொறக்கதுக்கு முன்னால ஒரு சின்னப் பய விழுந்து செத்துட்டான். கெணறு இருக்குன்னு சொன்னா எட்டிப் பாக்கப் போவிய. பேய் இருக்குன்னா போவ மாட்டிய."

மைக்கேல் வைரத்துக்காகப் பொய் சொன்னான், மாமா எங்க உயிருக்காக. ரெண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிஞ்சிருக்கு: நிஜமான காரணத்தைவிடப் பேயை ஜனங்க சீக்கிரம் நம்புவாங்க. பொய்னு தெரிஞ்ச பிறகும் அந்தப் பயம் முழுசாப் போறதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றை மூடிவிட்டார்கள். மரம் அப்படியே நிற்கிறது. ராத்திரி நான் சுத்துவழியிலதான் போனேன்.

உங்களை எந்தப் பேயைச் சொல்லி வளர்த்தாங்க? அதுக்குப் பின்னாடி என்ன கிணறு இருந்ததுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒருதடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.