பேய்க்கும் சாதி உண்டா? ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து ஒரு கேள்வி

அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் பக்கம் வாழும் நாம் தினமும் ஏறி இறங்கும் ரயில் பாதைக்கு வயது 160க்கும் மேல். தென்னிந்தியாவில் முதன்முதலில் பயணிகள் ரயில் ஓடிய பாதை இதுதான். அது புறப்பட்ட இடம் ராயபுரம். இன்று அந்த நிலையத்தில் கூட்டம் குறைவு. உயரமான தூண்களும் வெறிச்சோடிய நடைமேடையும்தான் கண்ணில் படும். இப்படிப்பட்ட பழைய நிலையம் எங்கே இருந்தாலும் அதோடு ஒரு பேய்க்கதையும் ஒட்டிக்கொள்கிறது. இரவு கடைசி லோக்கலில் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தண்டவாளத்தோரம் வெள்ளைப் புடவையில் நிற்கும் பெண்ணைப் பற்றி யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார்.

இந்தக் கதைகளைக் கேட்டால் நம் இளம் தோழர்கள் சிலர் பயப்படுகிறார்கள், சிலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாங்கள் மூன்றாவதாக ஒன்றைச் செய்யச் சொல்கிறோம். அந்தப் பேய் யார் என்று கேளுங்கள்.

கல்வெட்டில் இருப்பவர்கள்

மதராஸ் ரயில்வே கம்பெனி 1853இல் பாதை போடும் வேலையைத் தொடங்கியது. ராயபுரம் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. திறப்பு விழாவில் இரண்டு ரயில்கள் விடப்பட்டன. ஒன்றில் ஆளுநரும் சுமார் 300 ஐரோப்பியர்களும் போனார்கள். இந்திய விருந்தினர்களை ஏற்றிய மற்றொன்று திருவள்ளூர் வரை போய்வந்தது. நம் ஊர்களைக் கடந்துதான் அந்த இரண்டு வண்டிகளும் போயின.

இந்தியாவின் முதல் ரயில் 1853இல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது. அந்தப் பழைய போரிபந்தர் நிலையம் இன்று இல்லை. அதனால் நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கே. 1873இல் சென்ட்ரல் வந்தது. 1922இல் ரயில்வே தலைமையகமும் ராயபுரத்தை விட்டுப் போனது. அதன் பிறகு நிலையத்தின் மவுசு குறைந்துவிட்டது.

நிலையத்தின் வரலாறாக எழுதப்படுவது இவ்வளவுதான். ஆளுநர் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

கூடை சுமந்தவர்கள்

இந்தப் பாதை ஓடியது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வழியாக. அங்கே நிலமில்லாக் கூலிகளில் பெரும்பகுதி பறையர் மக்கள். பரம்பரையாகப் பண்ணைகளில் கட்டுண்டு கிடந்தவர்கள். அடிமை முறைக்குச் சட்டத்தில் இருந்த இடத்தை ஆங்கிலேய அரசு 1843இல்தான் நீக்கியது. பத்தே ஆண்டுகளில் ரயில் பாதை வேலை தொடங்கிவிட்டது. இயந்திரங்கள் இல்லாத காலம் அது. மண்ணை வெட்டியதும் கரையை உயர்த்தியதும் ஜல்லி உடைத்ததும் மனிதக் கைகள்தான். மண்வேலைக்குப் பேர்போன ஒட்டர் சமூகத்தார் ஊர் ஊராகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். ஆண்கள் வெட்ட, பெண்களும் குழந்தைகளும் கூடையில் சுமந்தார்கள்.

கூலிகள் தங்கிய கூடாரங்களில் காலரா புகுந்தால் சாவு கொத்துக்கொத்தாக விழும். பம்பாய் மாகாணத்தில் போர் காட் மலைப்பாதை போட்டபோது ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தண்டவாளம் போட்டு முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். புதைத்த இடத்துக்கு அடையாளம் வைக்க யார் இருந்தார்கள்?

துரைப் பேயும் பெயரில்லாப் பேயும்

கால்கா–சிம்லா ரயில் பாதை 1903இல் திறக்கப்பட்டது. அதில் பரோக் என்று ஒரு நிலையம் உண்டு. பரோக் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் சுரங்கப் பாதையைத் தவறாகக் கணக்கிட்டாராம். அரசு ஒரு ரூபாய் அபராதம் போட்டதாம். அவமானம் தாங்காமல் சுட்டுக்கொண்டு செத்து, இன்னும் அங்கே உலவுகிறாராம். இது கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேயான பிறகும் அந்தத் துரைக்குப் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, இரக்கம் கிடைக்கிறது. அந்த மலையைக் குடைந்த கூலிகளுக்குப் பேயாக வருகிற வாய்ப்பைக்கூடக் கதை தரவில்லை.

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் பெகுன்கோடார் நிலையம் இருக்கிறது. வெள்ளைப் புடவைப் பெண் ஒருத்தியைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் இறந்துபோனார் என்று கதை கிளம்பியது. வேலைக்கு வர ஆளில்லை என்று 1967இல் நிலையம் மூடப்பட்டது. ஊர் மக்கள் மனு மேல் மனு கொடுத்து 2009இல்தான் திறக்கவைத்தார்கள். 42 ஆண்டுகள்! அந்தப் பகுதியில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வாசுதேவ் ஆச்சார்யா, அங்கே வேலை பார்க்க விரும்பாத ஊழியர்கள் கட்டிவிட்ட கதை இது என்றார். 2017இல் பகுத்தறிவாளர்கள் அங்கே இரவு முழுக்கத் தங்கிப் பார்த்தார்கள். பேய் எதுவும் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. எப்படிச் செத்தாள் என்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் பெயரைச் சொல்லி ஏழை மாவட்டம் ஒன்றின் ரயிலை நிறுத்த முடிந்தது. "அந்தப் பக்கம் போகாதே" என்ற பேச்சு நமக்குப் புதியதா? ஊரில் சேரியைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள். சுடுகாட்டையும் ஓடைப் புறம்போக்கையும் தண்டவாள ஓரத்தையும் நம் மக்களுக்கு ஒதுக்கிவிட்டு, அங்கே பேய் இருக்கிறது என்றும் அவர்களே சொல்வார்கள்.

நடுகல் மரபு

நம் மரபு வேறு. அநியாயமாகக் கொல்லப்பட்டவரை நம் முன்னோர் பேயாக அலையவிடவில்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனுக்கும் கழுவேற்றப்பட்ட காத்தவராயனுக்கும் கல் நட்டார்கள், பெயர் சொல்லிப் படையல் போட்டார்கள், இரவெல்லாம் கூத்தாடி அவர்கள் கதையைச் சொன்னார்கள். இரண்டு பேரும் சாதி கடந்து காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள் என்றுதான் கதைகள் சொல்கின்றன. யார் கொன்றார்கள் என்பதும் அந்தக் கூத்தில் வந்துவிடும். இன்றைய சொல்லில் சொன்னால், அது ஒரு சாட்சியம்.

தண்டவாளத்தில் கிடந்த உடல்

2015 ஜூன் 24. பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் ஓர் இளைஞரின் உடல் கிடந்தது. ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். முந்தைய நாள் திருச்செங்கோடு மலைக்கோயிலில் ஆதிக்கச் சாதிப் பெண் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டவர். தற்கொலை போலக் காட்டப்பட்டிருந்தது. அவருடைய தாயும் இயக்கங்களும் வழக்கறிஞர்களும் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்தப் போராட்டம் நடக்காமல் இருந்திருந்தால்? காதல் தோல்வி, ரயிலில் விழுந்துவிட்டான் என்று கோப்பு மூடப்பட்டிருக்கும். பத்து வருடம் கழித்து அந்த இடத்தில் ஒரு பேய்க்கதை முளைத்திருக்கும். கொன்றவர்களும் அதை ரசித்துக் கேட்டிருப்பார்கள்.

அதனால்தான் சொல்கிறோம். உங்கள் ஊர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருப்பார்கள். போய் உட்காருங்கள். பேய்க்கதை சொன்னால் சிரிக்காமல், குறுக்கிடாமல் கேளுங்கள். சொல்லி முடித்ததும் கேள்விகளைத் தொடங்குங்கள். செத்தது யார்? எந்த வருடம்? என்ன வேலை பார்த்தார்? எந்தத் தெரு? போலீஸ் வந்ததா, எஃப்.ஐ.ஆர். போட்டார்களா? குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். பத்துக் கதையில் ஒன்பது கட்டுக்கதையாகத்தான் இருக்கும். பத்தாவது கதையில் ஒரு பெயர் கிடைக்கும்.