வானம் பார்த்த பூமியில் பாட்டு வகுப்பு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கண்மாய் நிறைந்தால் வயல்; நிறையாவிட்டால் கரிமூட்டம். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை எண்ணிவிடலாம். ஆயினும் இம்மண் பாட்டில் வறண்டதன்று. பாண்டி நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் திருச்சுழியும் ஒன்று; சுந்தரர் இங்கு வந்து பாடினார். தாலாட்டும் நடவுப் பாட்டும் கும்மியும் ஒப்பாரியுமாக இவ்வட்டாரத்து ஏழை மனிதன் பிறப்பு முதல் இறப்பு வரை பாட்டோடுதான் வாழ்ந்தான். அப்படிப்பட்ட மண்ணில் நம் தொடக்கப் பள்ளிகளில் பாட்டொலி எப்படி அடங்கியது? இதை எண்ணிப் பார்க்க வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டியிருக்கிறது.

பழைய திண்ணைப் பள்ளியில் பாடமே பாட்டாகத்தான் இருந்தது. எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை இராகமிட்டுச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். ஏடு இல்லாத குழந்தைக்கும் செவி இருந்தது. செவி வழியே நுழைந்தது நெஞ்சில் தங்கியது.

1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் இந்த உண்மையை விரைவில் கண்டுகொண்டார். தமிழறிந்தோர் துணையுடன் விசுவாச அறிக்கையையும் செபங்களையும் கட்டளைகளையும் தமிழில் ஆக்கினார். கையில் மணியை ஒலித்துக்கொண்டு தெருவழியே சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர் சொல்ல அவர்கள் சொன்னார்கள். கற்றதை வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி பணித்ததாக 1544 சனவரியில் அவர் எழுதிய கடிதம் கூறுகிறது. பிள்ளைகள் பெற்றோருக்கு ஆசிரியர்களாயினர். கடற்கரைத் திருச்சபை சிறுவர் குரலில் வளர்ந்தது என்றால் மிகையாகாது.

கடற்கரையை விட்டு உள்நாட்டிற்கு வருவோம். மறவர் சீமையில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தினார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் குருக்கள் மிகக் குறைந்தனர். 1838இல் அச்சபையினர் மதுரை மறைத்தளத்திற்கு மீண்டும் வரும்வரை பல ஊர்கள் குருவின் முகத்தை அரிதாகவே கண்டன. அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்ததில் உபதேசியார்களுக்குப் பெரும் பங்குண்டு. மனப்பாடமான செபங்களே அவர்கள் கையிலிருந்த கருவூலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சீர்திருத்தச் சபைச் சகோதரர்களும் இவ்வறண்ட நிலத்திற்கு வந்தனர். அமெரிக்க மதுரை மிஷன் திருச்சுழிக்கு அருகிலுள்ள மண்டபசாலையில் ஒரு நிலையம் அமைத்தது. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், மேனாட்டு மெட்டுகள் நம் மக்கள் நாவில் ஒட்டவில்லை என்பதை உணர்ந்து, தமிழ் இராக தாளங்களில் அமைந்த கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் வெளியிட்டார். அவற்றுள் பல, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை. பின்னாளில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பேரிசை நூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று ஆசிரியராகத் தொடங்கியவரே என்பது நினைவிற்குரியது.

நம்மிடமும் செல்வம் இல்லாமற் போகவில்லை. வீரமாமுனிவர் அம்மானையும் கலம்பகமும் பாடினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனை அளித்தார். ஆனால் திருப்பலியில் நெடுங்காலம் இலத்தீன் ஒலித்தது. பாடகர் குழுச் சிறுவன் பொருள் அறியாமலேயே அழகாகப் பாடினான். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இந்நிலையை மாற்றியது. மக்கள் அனைவரும் பாட வேண்டும், அவரவர் நாட்டு இசைக்கு உரிய இடம் தரவேண்டும் என்று அது கூறுவதை நாம் அறிவோம். ஆனால் குருமடங்களில் மட்டுமன்றிக் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பிக்கப்பட வேண்டும் என்று அதே ஏட்டின் 115ஆம் எண் வலியுறுத்துவதை எத்தனை தாளாளர்கள் நினைவில் வைத்திருக்கிறோம்?

இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளிக்கு நான் தாளாளராக இருந்தேன். முதிய ஆசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் அமர்த்திப் பாடக் கற்பிப்பார். ஆர்மோனியம் கூடக் கிடையாது, கைத்தாளந்தான். கரிமூட்டம் போடுவோரின் பிள்ளைகளும் அங்கே முதல் வரிசையில் இருந்தார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அப்பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்கு மாற்றிவிட்டேன். யாரும் முறையிடவில்லை. முறையிடும் வழக்கம் அம்மக்களுக்கு இல்லை.

அண்மையில் ஓர் அடக்கத் திருப்பலிக்காக அவ்வூர் சென்றேன். பாட்டைத் தொடங்கியபோது, நாற்பது வயதைத் தாண்டியோர் புத்தகமின்றி, வரி தவறாமல் உடன் பாடினர். அவர்களுக்குப் பின் நின்ற இளையோர் வாய் திறக்கவில்லை. விருப்பமின்மையன்று, அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அழித்த கோடு எங்கே விழுந்தது என்பதை அன்று கோவிலின் நடுவே கண்டேன்.

என் கதை தனிப்பட்டதன்று. 2012இல் தமிழக அரசு இசை, ஓவியம் முதலிய பாடங்களுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியபோதும், அத்திட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கே உரியதாயிற்று. ஐந்தாம் வகுப்போடு முடியும் சிற்றூர்ப் பள்ளிக்கு அது எட்டவில்லை. நம் கோவில்களிலோ, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு நாலு குரல்களைத் தேர்ந்து, ஒலிவாங்கி முன் நிறுத்துகிறோம். பாடகர் குழு மக்களைப் பாடவைப்பதற்குப் பதில், மக்களுக்காகப் பாடிவிடுகிறது.

வாரம் ஒரு பாடவேளை. ஒரு நல்ல ஆசிரியர். அல்லது ஊரில் பழம்பாட்டு அறிந்த ஒரு பாட்டி. இதற்கு நிதி வேண்டாம்; நெஞ்சம் வேண்டும். குரல் நன்றாயிருப்பவரை மட்டும் பொறுக்காமல் எல்லாப் பிள்ளைகளையும் பாடவைத்தால், பத்தாண்டுகளில் கோவில் முழுதும் பாடகர் குழுவாகும்.

எருசலேம் கோவிலில் ஓசன்னா பாடிய சிறுவரைக் கண்டு தலைமைக் குருக்கள் சினந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். ஆண்டவரோ அச்சிறுவர் பக்கம் நின்றார். சினங்கொண்டு அல்ல, கால அட்டவணை திருத்தி அவர்களை மௌனமாக்கிய குரு நான். அவ்வூர் வேப்பமரம் இன்னும் நிற்கிறது. இப்போதைய தாளாளரிடம் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலைக் கேட்டிருக்கிறேன்.